ஹாரனுக்கு மட்டும் ஒரு ரிலே

ஜெனிலாவுக்குத் தலையாட்ட வராது. கடலோரத் திரேஸ்புரத்தில் அவளோடு படித்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். ஏழாம் வகுப்பில் மறைக்கல்வி நடத்திய சிஸ்டர் ஒரு கேள்விக்கு, "அதெல்லாம் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "எப்படித்தான் சிஸ்டர்?" என்று எழுந்து நின்றாள். மணி அடிக்கும்வரை நின்றாள். பதில் வரவில்லை, அவளும் உட்காரவில்லை. அந்தப் பிள்ளைதான் இப்போது பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் முடித்திருக்கிறாள். வகுப்பிலேயே குறைந்த ப்ராஜெக்ட் மார்க் அவளுடையது. அது எப்படி வந்தது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும்.

அவளுடைய அண்ணன் கிளாட்வின் சங்கு குளிக்கிறவன். முத்து இப்போது ஊர் ரயிலின் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. கடலுக்கடியில் ஆள் இறங்குவது சங்குக்குத்தான். வள்ளத்தில் ஒரு டீசல் என்ஜின், அது ஓட்டும் ஒரு கம்ப்ரசர், காற்றை அடைத்துவைக்க ஒரு இரும்பு டேங்க், அதிலிருந்து நீளமாய் ஒரு ஹோஸ். ஹோஸின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கிளாட்வின் எட்டுப் பாகம், பத்துப் பாகம், அதாவது ஐம்பது அறுபது அடி இறங்குவான். அடிமணலில் நடந்து சங்கைப் பொறுக்கி வலைப்பையில் போடுவான். மேலே ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் மனுவேல் மாமா, ஜெனிலாவின் அம்மாவுக்குத் தம்பி. கீழேயிருந்து ஒரு இழுப்பு வந்தால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு வந்தால் பை நிறைந்துவிட்டது. மேலேயிருந்து மூன்று இழுப்பு கொடுத்தால் கீழே இருப்பவன் எதைக் கையில் வைத்திருந்தாலும் விட்டுவிட்டு ஏறி வரவேண்டும். மாமனுக்கும் மருமகனுக்கும் பகல் முழுக்க இவ்வளவுதான் பேச்சு.

போன வருஷம் மார்ச்சில் ஒரு நாள் கிளாட்வினைத் தோளில் தாங்கிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். தலை பிளக்கிறது என்றான், கால் நிற்கவில்லை, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. முந்தின நாள் சாப்பிட்ட சால்னாவின் மேல் பழியைப் போட்டார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் சால்னாவைப் பற்றி விசாரிக்கவில்லை. என்ஜினின் புகைக்குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார். நங்கூரம் போட்ட வள்ளம் காற்றைப் பார்த்து நிற்கும், புகை பின்னால் போய்விடும். அன்றைக்குக் காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் ஒரு பக்கமும் இழுத்ததில் வள்ளம் குறுக்கே கிடந்திருக்கிறது. புகை கம்ப்ரசர் காற்றை உறிஞ்சும் வாயில் போய் விழுந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இன்னும் பத்து நிமிஷம் கீழே இருந்திருந்தால் அங்கேயே தூங்கியிருப்பார் என்றார் டாக்டர்.

ஐந்தாம் நாள் கிளாட்வின் மறுபடியும் கடலுக்குப் போனான்.

"சைலன்சர மாத்தி வச்சாச்சுளா," என்றான் ஜெனிலாவிடம். "ஒசத்தி வச்சிருக்கோம்."

"அப்ப இனிமே வராதா?"

"எங்கன வச்சாலும் காத்து திரும்புனா பொகையும் திரும்பும். அதுக்காக வீட்லயா இருக்க முடியும்?"

ஜெனிலாவுக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் அவளுக்குக் கூடவே கோபமும் வரும். அண்ணன்மேல், வள்ளத்தின்மேல், மணமில்லாமல் வரும் அந்தச் சனியன்மேல். கடைசி வருஷ ப்ராஜெக்டுக்குத் தலைப்பு கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. கம்ப்ரசர் காற்றில் விஷவாயு ஏறினால் எச்சரிக்கும் கருவி என்று எழுதிக் கொடுத்தாள்.

அவளோடு சேர்ந்தவள் உமாராணி. ஆத்தூரில் வெற்றிலைக் கடை வைத்திருப்பவரின் மகள், சண்டை என்றால் ஒதுங்கிப் போகிறவள். வகுப்பில் பாதிப் பேர் ப்ராஜெக்டை நேராகக் கடையில் வாங்குவார்கள். அதற்கென்றே சென்டர்கள் இருக்கின்றன. பெட்டி, ரிப்போர்ட், வைவாவில் கேட்கப்போகும் கேள்வி, அதற்குப் பதில் எல்லாம் ஒரே பையில் கிடைக்கும். உமாராணிக்கும் அந்த யோசனைதான் இருந்தது. ஆனால் ஜெனிலாவின் பக்கத்து ரோல் நம்பராய்ப் பிறந்த பாவத்துக்கு அவள் திரேஸ்புரத்துக்கும் கல்லூரிக்குமாக அலைய வேண்டியதாயிற்று.

கைடு பாண்டியராஜன் சார் கெட்டவர் இல்லை. தலைப்பைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். லேபில் இருக்கும் கண்ணாடி பீரோவைத் திறந்து, ஆண்டுக்கொரு முறை இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் வெளியே எடுக்கும் ராஸ்பெர்ரி பை போர்டை எடுத்துக் கொடுத்தார். ஜெனிலா அதைக் கையில் வாங்கியபோது அவளுக்கும் சந்தோஷம்தான். உள்ளங்கை அளவு, ஆனால் முழுக் கம்ப்யூட்டர். லினக்ஸ் ஓடும், பைத்தான் எழுதலாம். வயர், வோல்ட் என்றாலே விலகி நிற்கும் சாஃப்ட்வேர் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? வேறு எதையும் அவள் பார்க்கவில்லை. அது அவள் செய்த முதல் தப்பு.

ஒரு வாரத்தில் அந்த போர்டு தன் குணத்தைக் காட்டியது. சென்சார் கொடுக்கும் வோல்டேஜ் ஏறும், இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை அளக்கும் இணைப்புக் கால் அந்த போர்டில் கிடையாது. அதற்குத் தனியாக ஒரு சிப் வாங்கி நடுவில் மாட்டவேண்டும். சரி, மாட்டுவோம் என்று மாட்டினாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம், கரையில் நின்ற வள்ளத்துக்கு எடுத்துப்போனாள். பாட்டரியில் இணைத்தாள். போர்டு கண் விழிக்க முக்கால் நிமிஷம் ஆயிற்று. மனுவேல் மாமா என்ஜினை ஸ்டார்ட் செய்தார். பாட்டரி ஒரு நொடி சோர்ந்தது. போர்டு அணைந்து மறுபடி முதலிலிருந்து விழிக்க ஆரம்பித்தது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி அதே கதை. கடைசியில் மாமா வேலை முடிந்தது என்று வயரைப் பிடுங்கினார்.

"மாமா, அத முறையா ஷட்டவுன் பண்ணிட்டுத்தான் வயரப் பிடுங்கணும். இல்லன்னா உள்ள இருக்க மெமரி கார்டு போயிரும்."

"ஏளா, நான் ஹோஸப் பிடிக்கவா, ஒன் கம்ப்யூட்டரத் தாலாட்டித் தூங்க வைக்கவா?" என்றார் மாமா.

மூன்றாவது பிடுங்கலில் கார்டு போய்விட்டது. அவர் சொன்னதிலும் தப்பில்லை. வள்ளத்தில் எதையும் யாரும் முறையாக அணைக்க மாட்டார்கள். அலை அடித்தால் வயர் தானாகவே பிடுங்கிக்கொள்ளும்.

ஜெனிலா பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் ராஜதுரை அண்ணாச்சி கடைக்குப் போனாள். டி.வி. ரிமோட், யு.பி.எஸ். பாட்டரி, ஸ்பீக்கர் வயர் இவற்றுக்கு நடுவே மாணவர்களுக்கான போர்டுகளையும் அவர் வைத்திருந்தார். கல்லூரிப் பிள்ளைகள் போனில் ஒரு லிஸ்டைக் காட்டுவார்கள், அவர் எடுத்துக் கொடுப்பார். ஏன் எதற்கு என்று அவரும் கேட்கமாட்டார், அவர்களும் சொல்லமாட்டார்கள்.

"லிஸ்ட் எங்கம்மா?" என்றார் அண்ணாச்சி.

"லிஸ்ட் இல்ல அண்ணாச்சி. திடீர்னு வயரப் பிடுங்குனா எந்த போர்டு சாகாது?"

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "இத்தன வருசத்துல ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்ல," என்று சொல்லிவிட்டு இரண்டு போர்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று ஈ.எஸ்.பி. "வைஃபை இருக்கு, ப்ளூடூத் இருக்கு, வெலையும் கொறவு. இப்ப எல்லாப் பிள்ளையளும் இதத்தான் தூக்கிட்டுப் போகுது." இன்னொன்று சின்ன அர்டுயினோ, நானோ என்பார்கள். சுண்டுவிரல் அளவுதான் இருந்தது. "இது ஒண்ணுந் தெரியாத சவம். ஒரு வேலையக் குடுத்தா அத மட்டும் செய்யும்."

ஜெனிலா ஈ.எஸ்.பி.யைத்தான் முதலில் எடுத்தாள். மனசுக்குள் ஏற்கெனவே ஒரு ஆப் செய்து வைத்திருந்தாள். கடலில் வாயு ஏறினால் வீட்டில் அம்மாவின் போனில் சிவப்பாகக் காட்டும். அப்புறம் கடை வாசலில் நின்றுகொண்டே வள்ளத்தை நினைத்துப் பார்த்தாள். வள்ளம் நிற்கும் இடத்தில் டவர் எடுக்காது. எடுத்தாலும் அம்மா வீட்டில் இருந்துகொண்டு அழுவதைத் தவிர என்ன செய்வாள்? மாமாவின் போன் பாலிதீன் பையில் சுருட்டி, மடியில் கட்டிக்கிடக்கும். அவருடைய இரண்டு கையும் ஹோஸில் இருக்கும். அந்த வைஃபை யாருக்கு? ரிவ்யூவில் உட்கார்ந்திருக்கும் சாருக்கு. கிளாட்வினுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

நானோவுக்கு விழிக்க நேரம் வேண்டாம். கரண்டு வந்த வேகத்தில் வேலையை ஆரம்பிக்கும். பிடுங்கினால் அணையும், கொடுத்தால் எழும். கெட்டுப்போக உள்ளே கார்டு இல்லை.

"இதுல ரெண்டு குடுங்க அண்ணாச்சி."

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு கடலுக்கு. அதக் கடல் தின்னுட்டா மாத்துறதுக்கு இன்னொண்ணு."

சென்சாரில்தான் சிக்கல் வந்தது. அண்ணாச்சி எடுத்துக் கொடுத்தது எல்லாரும் வாங்கும் மலிவான சென்சார். அதன் விவரத்தாளை அவள் அங்கேயே போனில் திறந்து படித்தாள். உள்ளே ஒரு கம்பியைச் சூடாக்கி, ஆறவிட்டு, அப்புறம்தான் அளக்கும். ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிஷம். அந்த இரண்டரை நிமிஷத்துக்குள் அண்ணன் எத்தனை மூச்சு இழுப்பான் என்று நினைத்தாள், சென்சாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். உடனுக்குடன் சொல்லும் வேறு வகையை ஆன்லைனில் பார்த்தாள். விலை முகத்தில் அடித்தது. உமாராணி ஒரு பெருமூச்சு விட்டு, பாதியைத் தானே போட்டாள். சண்டைக்கு ஒதுங்குகிறவள் இதற்கு ஒதுங்கவில்லை.

நானோவுக்குப் பைத்தான் புரியாது. சி மாதிரி ஒன்றில்தான் எழுதவேண்டும். ஜெனிலா முதல் வருஷம் அரியர் வைத்த ஒரே பாடம் சி. அதே புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினாள். நூறு வரிக்குள் ப்ரோக்ராம் முடிந்தது.

பாண்டியராஜன் சார் அந்தச் சின்ன போர்டை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தார்.

"ஸ்கூல் பிள்ளைங்க எக்ஸிபிஷன்ல வைக்கிறதும்மா இது. ஃபைனல் இயர் சி.எஸ்.ஈ. ப்ராஜெக்டுல ஏ.ஐ. எங்க? கிளவுட் எங்க?"

"கடல்ல டவர் இல்ல சார்."

"மார்க் போட வர்ற எக்ஸ்டர்னல் கடலுக்கா வரப்போறாரு? இங்கதானே வருவாரு."

"எங்க அண்ணன் இங்க வரமாட்டான் சார். அவன் அங்கனதான் இருப்பான்."

சார் போர்டை மேஜையில் வைத்துவிட்டார். அடுத்த டீம் உள்ளே வந்தது.

பெட்டி வள்ளத்துக்குப் போயிற்று. காற்று சுத்தமாக இருந்தால் பச்சை விளக்கு, விஷம் ஏறினால் சிவப்பு விளக்கும் பஸ்ஸரும். திங்கட்கிழமை சாயங்காலம் ஜெனிலா மாமாவுக்குப் போன் போட்டாள். "பச்சையா மாமா?" "பச்சைதான்." செவ்வாய் பச்சை. புதன் பச்சை. சனிக்கிழமைவரை பச்சை. அந்த வாரம் அவள் நன்றாகத் தூங்கினாள். அம்மாவிடம்கூட, இனிமேல் கவலைப்படாதே என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். பூசை முடிந்து அவள் வள்ளத்துக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்தாள். பெட்டி பாலிதீன் பைக்குள் இருந்தது. ஒரு பை இல்லை, இரண்டு பை. வாயை முறுக்கி, ரப்பர் பாண்டு போட்டு, மேலே தூண்டில் நரம்பால் கட்டியிருந்தது.

"மாமா, இது என்னது?"

"உப்புக்காத்து தின்னுரும்லா? நான்தான் நல்லாக் கட்டி வச்சேன்," என்றார் மனுவேல் மாமா. அவருக்குப் பெருமை. இருபத்திரண்டு வருஷமாக அவருடைய தீப்பெட்டியும் லைசென்சும் ரேடியோவும் போனும் கடலில் பிழைத்தது இப்படிக் கட்டியதால்தான். காற்றை மோந்து பார்க்க வைத்த கருவியின் மூக்கைக் காற்றுப் புகாமல் கட்டிவிட்டார். ஆறு நாளும் அது அந்தப் பைக்குள் இருந்த அதே காற்றைப் பார்த்துப் பச்சை காட்டியிருக்கிறது.

ஜெனிலாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு நாள் கிளாட்வின் பத்துப் பாகத்தில் நடந்திருக்கிறான். அவள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

மாமாவைத் திட்ட அவளுக்கு மனசு வரவில்லை. அவர் கடலுக்குச் செய்யவேண்டியதைச் செய்திருக்கிறார், அவள்தான் செய்யவில்லை. அன்றைக்கே போர்டைப் பெட்டிக்குள் வைத்து எல்லா இடுக்கையும் எம்-சீல் போட்டு அடைத்தாள். சென்சாரை மட்டும் ஒரு வயரில் வெளியே கொண்டுவந்து, கம்ப்ரசர் காற்றை உறிஞ்சும் குழாய்க்குள், ஃபில்டருக்குப் பின்னால் பொருத்தினாள். இனி கட்டவேண்டியது எதுவும் இல்லை, கட்டவும் முடியாது. என்ஜினை ஓடவிட்டு, புகைக்குழாயிலிருந்து ஒரு ரப்பர் குழாயை அந்த உறிஞ்சு குழாயின் வாய்க்கு வளைத்துப் பிடித்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பஸ்ஸரும் கத்தியிருக்க வேண்டும். என்ஜின் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற அவளுக்கே கேட்கவில்லை. பகல் வெயிலில் சிவப்பு விளக்கும் எரிகிற மாதிரித் தெரியவில்லை.

மறுநாள் அவளும் உமாராணியும் துறைமுகச் சாலைக்குப் போனார்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் அந்த ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில், கழற்றிப்போட்ட குட்டியானை லோடு வண்டியின் ஹாரன் ஒன்று கிடைத்தது. வள்ளத்தின் பாட்டரிக்கு அது பொருந்தும். அதை அடிக்கும் அளவுக்குக் கரண்டு கொடுக்க நானோவுக்குத் திராணி இல்லை. அதற்குத்தான் ரிலே, அதாவது சின்ன போர்டு கண்ணைக் காட்டினால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் ஒரு சுவிட்ச். ஹாரன் அடித்தபோது பக்கத்து வள்ளங்களில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மனுவேல் மாமா காதைப் பொத்திக்கொண்டு, "இது போதும்," என்றார்.

இரண்டாவது ரிவ்யூவில் பாண்டியராஜன் சார் அந்த ரிலேயைப் பிடித்துக்கொண்டார்.

"ரிலே இருக்கே, நல்லதாப் போச்சு. இத என்ஜினுக்குக் குடு. லிமிட்டத் தாண்டுனா என்ஜின் தானா கட் ஆகணும். மனுஷன் தலையிடவே கூடாது. அதாம்மா ஆட்டோமேஷன். அப்பத்தான் ப்ராஜெக்டுக்கு ஒரு கெத்து வரும்."

"வேண்டாம் சார்."

"என்ன வேண்டாம்?"

"என்ஜின் நின்னா கம்ப்ரசர் நிக்கும் சார். டேங்குல இருக்கது கொஞ்ச மூச்சுக்குத்தான் வரும். கீழ இருக்கவன் ஹோஸப் பிடிச்சு மூச்சு விட்டுக்கிட்டே மெல்லத்தான் ஏறி வரணும். காத்து டக்குனு நின்னா பதறி, மூச்ச அடக்கிட்டு ஒரே தாவா மேல வருவான். அதுல நெஞ்சு வெடிச்சுச் செத்தவங்க எங்க தெருவுல இருக்காங்க. கெட்ட காத்துன்னாலும் ஏறி வாரவரைக்கும் அவனுக்குக் காத்து வேணும் சார்."

தான் சொன்னதில் ஓட்டை இருப்பது சாருக்கும் புரிந்திருக்கும். ஆனால் இன்னும் இரண்டு ஸ்டாஃப் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மாணவியின் முன்னால், மற்றவர்கள் பார்க்க, ஆமாம் நீ சொல்வது சரி என்று சொல்வது நம் கல்லூரிகளில் யாருக்கும் பழக்கமில்லை.

"கைடு நானா, நீயா?" என்றார். "ஆட்டோமேட்டிக் கட் ஆஃப் இல்லாம வந்தா நான் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடமாட்டேன்."

கையெழுத்து இல்லாவிட்டால் வைவா இல்லை, வைவா இல்லாவிட்டால் டிகிரி இல்லை. வெளியே வராந்தாவில் உமாராணி அழுகிற நிலைமையில் இருந்தாள்.

"காட்டுறதுக்கு மட்டும் போட்டுருவோம்டி. வைவா முடிஞ்ச மறுநிமிஷம் நானே வயரப் பிய்ச்சு எறியுதேன். வள்ளத்துல இருக்கதுல கை வைக்கண்டாம்."

"ரிப்போர்ட்ல இருக்கும்லா?"

"ரிப்போர்ட்ட யாரு படிக்கா?"

"அடுத்த வருசப் பிள்ளையள் படிக்கும். படிக்காது, அப்படியே காப்பி அடிக்கும். அந்தச் சென்டர்க்காரன் அத எடுத்து அம்பது பேருக்கு விப்பான். அதுல எவனாவது ஒருத்தனுக்கு எங்க அண்ணன் மாதிரி ஒரு அண்ணன் இருப்பான். நம்ம வரைஞ்ச சர்க்யூட்டப் பாத்து ஒரு வள்ளத்துல மாட்டுவான். பெறவு?"

மறுநாள் உமாராணி கொண்டுவந்த ரிப்போர்ட்டில், சர்க்யூட் படத்துக்கு மேலே, பெரிய எழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது. எந்தச் சூழ்நிலையிலும் இந்த ரிலேயை என்ஜினுடன் இணைக்கக் கூடாது, இணைத்தால் கீழே இருப்பவர் இறந்துபோவார். ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை. ரிப்போர்ட்டில் தமிழ் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. "இருக்கட்டும்," என்றாள் உமாராணி.

சார் ரிப்போர்ட்டைக் கடைசி நாள்வரை மேஜையில் வைத்திருந்தார். கடைசி நாள் சாயங்காலம், அவர்களை நிமிர்ந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் கிழித்துவிடும் போலிருந்தது.

வைவா அன்று ஜெனிலா, இரண்டாவது நானோவில் இன்னொரு சென்சாரும் ஹாரனும் சேர்த்துச் செய்த மாதிரிப் பெட்டியோடு, ஒரு சில்வர் டம்ளரில் சாம்பிராணிக் கரியையும் கனலாக்கி எடுத்துப்போனாள். எக்ஸ்டர்னலாக வந்தவர் வேறு கல்லூரிக்காரர், சாது மாதிரி இருந்தார். சென்சார் பக்கத்தில் டம்ளரைக் கொண்டுபோனதும் குட்டியானையின் ஹாரன் அந்தச் சின்ன அறைக்குள் அலறியது. பக்கத்து வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் வெளியே ஓடிவந்தார்கள். ஹெச்.ஓ.டி. தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நிறுத்தும்மா, நிறுத்து," என்றார் எக்ஸ்டர்னல்.

"நிறுத்த சுவிட்ச் வைக்கல சார். கரிய எடுத்தாத்தான் நிக்கும்."

டம்ளரை எடுத்துப் போனாள். சத்தம் நின்றது. எக்ஸ்டர்னல் காதைத் தடவிக்கொண்டே கேட்டார். "இவ்வளவு செஞ்சிட்டு ஏன் மனுஷனை நம்புறீங்க? ரிலே இருக்கு. நேரா என்ஜினை நிறுத்திடலாமே. உங்க கைடு சொல்லலையா?"

பாண்டியராஜன் சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னாரு சார். நான்தான் மாட்டேன்னு சொன்னேன். ரிலே ஹாரனுக்கு மட்டும்தான்." ஜெனிலா ரிப்போர்ட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "இது நான் எழுதுன ப்ரோக்ராம் சார். சி-யில அரியர் வச்சவ நான். இதுல எங்கயாவது தப்பு இருக்கும். தப்பா ஹாரன் அடிச்சா எங்க அண்ணன் மேல வந்து என்னத் திட்டுவான், அவ்வளவுதான். தப்பா என்ஜின நிறுத்துனா திட்டுறதுக்கு அவன் வரமாட்டான்."

எக்ஸ்டர்னல் ரிப்போர்ட்டைப் புரட்டினார். அந்தத் தமிழ் வரியில் அவர் கண் ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. பிறகு, "ஏ.ஐ. காம்பொனன்ட் எதுவும் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றாள். போகலாம் என்றார்.

அறுபத்திரண்டு மார்க் வந்தது. சென்டரில் வாங்கிய ஸ்மார்ட் பார்க்கிங் தொண்ணூற்றாறு வாங்கியது. அதை வாங்கியவனுக்கு எந்த வயர் எங்கே போகிறது என்று இன்றுவரை தெரியாது. உமாராணி அழுதாள். ஜெனிலாவுக்கும் வலித்தது, இல்லையென்று சொல்லமுடியாது. "விடு, கழுதைய," என்று மட்டும் சொன்னாள்.

எட்டு நாள் கழித்து நோ டியூஸ் ஃபாரத்தில் கையெழுத்து வாங்கக் கல்லூரிக்குப் போனாள். கண்ணாடி பீரோ போர்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், புது மெமரி கார்டோடு. அதற்குப் பாண்டியராஜன் சார் கையெழுத்துப் போடவேண்டும். சார் ஃபாரத்தை வாங்கி மேஜையில் வைத்து, பேனா மூடியைக் கழற்றினார். அப்போது அவளுடைய போன் அடித்தது. கிளாட்வின். இந்த நேரத்தில் வள்ளம் கரைக்கு வந்துகொண்டிருக்கும், டவர் எடுக்கும் இடத்துக்கு வந்திருப்பான்.

"எடுத்துக்கோ," என்றார் சார்.

போனைக் காதில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை, அறை முழுக்கக் கேட்டது.

"ஏளா, ஒம் பொட்டியத் தூக்கிக் கடல்ல எறியப்போறேன். இன்னிக்கு மூணு தடவ அடிச்சிட்டு. மூணு தடவயும் மாமா சுண்டி இழுக்காரு, மேல வாரேன். நல்ல சங்கு கெடந்த எடம், கைக்கு எட்டுன சங்க விட்டுட்டு வந்தேன். பாதிப் பைதான் தேறிருக்கு. கொண்டல் காத்தும் நீரோட்டமும் முட்டிக்கிட்டு வள்ளம் குறுக்கயே நிக்கி, அது பாட்டுக்கு ஊளையிடுது. மனுசன் தொழில் பாக்கவா வேண்டாமா?"

சாரின் பேனா ஃபாரத்தின் மேல் நின்றுவிட்டது. ஜெனிலா போனைச் சார் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திப் பிடித்தாள்.

"தல வலிக்கா அண்ணே?"

"இல்ல."

"வாந்தி வருதா?"

"வாந்தியுமில்ல, ஒரு எளவுமில்ல. பசிக்கி. நீ பேச்ச மாத்தாத."

"அப்பத் திட்டு," என்றாள் ஜெனிலா. "நல்லாத் திட்டு. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."